கய்தார் மேட்டில் படுத்துக் கிடந்தவள்

எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த சில நாட்களிலேயே சால்கினாய் காணாமல் போனாள். புதுப்பெண் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும், பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. திரையை விலக்கிப் பார்த்தால் ஆளில்லை. மாமியார் மாரில் அடித்துக்கொண்டு, "ஓடிப் போயிட்டாளே! மூணு பள்ளத்தாக்குக்கும் தெரிஞ்சு போயிடுமே!" என்று கத்தினார். மூத்த மருமகள் என்பதால் தேடுகிற வேலை என் தலையில் விழுந்தது.

குதிரையேறிப் போனேன். ஆற்றுக்கு அந்தப்பக்கம், புல்வெளி நடுவில், பழங்காலத்தில் யாரையோ புதைத்துக் குவித்த பெரிய கல்மேடு இருக்கிறதே, அதன் உச்சியில் மல்லாந்து படுத்திருந்தாள்.

"அடியே, உனக்கென்ன பைத்தியமா? அங்க வீடே ரெண்டுபட்டுக் கெடக்கு. நீ இங்க வந்து தூங்குறியா?"

"தூங்கலக்கா. இங்க படுத்தா மூணு கணவாயும் தெரியுது, பாத்தீங்களா? கட்டினவங்க யோசிச்சுத்தான் இடம் பிடிச்சிருக்காங்க."

"உள்ள இருக்கறவன் கண்ணத் தொறந்துக்கிட்டா படுத்திருக்கான்? எந்திரிடி!"

அவள் சிரித்தாள். எனக்கு அறையலாம் போல இருந்தது. ஆனால் இறங்கி வருவதற்குள் நானும் சிரித்துவிட்டேன். மாமியாரிடம், அவளுக்கு வயிற்றைப் புரட்டியது, காற்றாட நடந்துவிட்டு வந்தாள் என்று சொல்லிவைத்தேன். மாமியார் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு சந்தோஷப்பட்டது தனிக்கதை.

இப்போது அவளைப் பற்றிக் கேட்கப் பத்திரிகைக்காரர்கள் காரில் வருகிறார்கள். என்னிடமும் கேட்கிறார்கள், புளித்த குதிரைப்பால் கிமிஸைக் குடிக்கிறார்கள், தலையாட்டுகிறார்கள். அச்சில் பார்த்தால் நான் சொன்னதில் ஒரு சொல்கூட இருக்காது. "பண்பாட்டின் சுடர்" என்று ஏதோ எழுதிவைப்பார்கள். சுடராவது மண்ணாவது. ஒரே அடுப்பில் சமைத்து அவளோடு காலம் தள்ளிய ஓரகத்தி நான். நான் சொல்கிறேன், கேளுங்கள்.

குளிர்காலத்தில் கீழே கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பாள். அவள் புருஷன் முகாஷ், என் கொழுந்தன், கால்நடை மருத்துவர். மாட்டுக்கு ஊசி போடுவது தவிர வேறெதிலும் பிடிவாதமில்லாத பிள்ளை. கோடை வந்தால் எல்லாரும் ஆட்டு மந்தையோடு மேலே மேய்ச்சல் வெளிக்கு வந்துவிடுவோம். ஆலங்கட்டி மழை தொடங்கினால் நாங்கள் கூடாரத்துக்குள் ஓடுவோம், அவள் வெளியே ஓடுவாள். இடி எந்தப் பாறையில் மோதித் திரும்புகிறது என்று கேட்க வேண்டுமாம். பனிப்பாளத்து விளிம்பு வரை தனியாகப் போய்வருவாள். திரும்பி வரும்போது முகமெல்லாம் தோலுரிந்து, உதடு வெடித்து, பார்க்கச் சகிக்காது. ஆனால் அந்தக் கண்களைப் பார்க்க வேண்டுமே! எனக்குப் பொறாமையாக இருக்கும். அதே மலையைத்தான் நானும் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். எனக்கு ஆடு எங்கே போச்சு என்றுதான் தெரியும்.

இந்த மேடுகளைப் போட்டவர்களைப் பற்றித்தான் கதை எழுதினாள். இரண்டாயிரம், இரண்டாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தியவர்களாம். தன் உடம்பால் செய்து பார்க்காத எதையும் எழுதக் கூடாது என்று அவளுக்கு ஒரு வைராக்கியம். அந்தக் காலத்தில் சேணத்தில் கால் ஊன்ற அங்கவடி கிடையாது என்று எங்கோ படித்துவிட்டு, அங்கவடி இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டுக் கோடை முழுக்கக் குதிரை ஓட்டினாள். ஆற்றில் விழுந்தாள். புதரில் விழுந்தாள். பக்கத்துக் கூடாரத்து ஆண்கள் கிமிஸ் கிண்ணத்தோடு வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ஆட்டு வயிற்றுப் பைக்குள் கறியையும் தண்ணீரையும் விட்டுப் பழுக்கக் காய்ச்சிய கல்லைப் போட்டு வேகவைத்தாள். சாம்பலும் பச்சை வாடையுமாக இருந்தது. முகாஷ் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் தின்றான். அதைத்தான் நான் காதல் என்பேன்.

என் மகன் நசர்குல்தான் அவளுக்கு எல்லாவற்றிலும் கூட்டாளி. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவனுக்கு இடதுகால் சூம்பிவிட்டது. வலது அக்குளுக்குள் கோல் வைத்து ஊன்றித்தான் நடப்பான். முப்பது தாண்டிய ஆம்பிளை. குதிரைமேல் ஆட்டுடலைப் பறித்து விளையாடும் ஆட்டத்துக்கு அவன் வயசுக்காரர்கள் போகும்போது, இவன் கொப்பரைப் பக்கம் உட்கார்ந்து கறி வேகவைப்பான். எங்கள் பள்ளத்தாக்கில் எந்த விருந்தானாலும் கொப்பரை அவன் பொறுப்பு. வாய் மட்டும் நீளம். சால்கினாய் குதிரையிலிருந்து விழும்போதெல்லாம், "சித்தி, நான் வேணா கோலக் கடனாத் தரவா?" என்பான்.

இப்படி விழுந்தும் எழுந்தும் அவள் எழுதிய நாவலின் நாயகன்தான் கய்தார். அந்தப் பெரிய மேட்டுக்குள் படுத்திருக்கும் தலைவன் என்று வைத்து எழுதினாள். ஒன்பது கணவாய்களைக் காத்தவன், குதிரையிலேயே பிறந்து குதிரையிலேயே செத்தவன். பெயர் அவளே வைத்தது. வானொலியில் வாரா வாரம் வாசித்தார்கள். அந்த நேரத்தில் பால் கறக்க ஆள் கிடைக்காது. நான் படிக்கத் தெரிந்தும் படிக்காதவள். நானே கய்தார் சாகும் வாரம் மாவு பிசைந்த கையோடு உட்கார்ந்து அழுதேன். எங்கிருந்தோ கழுகு வந்து அவன் தோளில் உட்காருமே, அந்த இடம்.

அதற்கப்புறம் கய்தார் அவள் கையை விட்டுப் போய்விட்டான். பிறக்கிற பையன்களுக்கெல்லாம் கய்தார் என்று பெயர். மேட்டுக்குக் கய்தார் மேடு என்று பெயர். எல்லாரையும் மிஞ்சினவர் என் வீட்டுக்காரர் ஒரோசாலி. புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாதுதான். வயசாகிவிட்டது, இனி யார் கேட்கப் போகிறார்கள். எங்களில் ஏழு தலைமுறைத் தகப்பன்மார் பெயரைச் சொல்லத் தெரியாதவனை மனிதனாகவே மதிக்கமாட்டார்கள். இவர் அந்த ஏழுக்கும் மேலே கய்தாரை ஏற்றிவிட்டார். வம்சத்துக்கே பெரியவர் இவர், எதிர்த்து யார் பேசுவது? சால்கினாய்தான் பேசினாள்.

"பெரியவரே, அவன நான் அடுப்படியில உக்காந்து உண்டாக்கினேன். உங்களுக்கு எப்படித் தாத்தா ஆவான்?"

"நீ உண்டாக்கலம்மா. நம்ம ரத்தம் உன் கையில வந்து எழுதுச்சு."

"என் ரத்தம் அடுத்த பள்ளத்தாக்கு ரத்தம்."

"கல்யாணத்தோட மாறிடுச்சு, போ!"

அதோடு விடவில்லை. வம்சம் முழுக்கச் சேர்ந்து கய்தாருக்கு நினைவு விருந்து வைப்பது, மேட்டின் அருகில் குதிரையோடு சிலை நிறுத்துவது என்று முடிவாயிற்று. நரின் நகரத்திலிருந்து சிமெண்டுக் குதிரை லாரியில் வந்து இறங்கியது. தங்க வண்ணம் பூசியிருந்தார்கள்.

இதற்கிடையில்தான் கய்தார் மேட்டைத் தோண்டவும் ஆட்கள் வந்தார்கள். அதற்கும் காரணம் அவளேதான். முந்தின வசந்தத்தில் புதையல் திருடர்கள் சின்ன மேடொன்றில் மண் வாரும் இயந்திரத்தோடு வந்து நின்றார்கள். சால்கினாய் போய் இயந்திரத்துக்கு முன்னால் படுத்துக்கொண்டாள். படுத்துக்கொள்வது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த போர். ஓட்டுநர் திட்டிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான், கடைசியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். "இன்னிக்குப் படுத்தேன், நாளைக்கும் படுக்க முடியுமா? முறையாத் தோண்டித் தெரிஞ்சுக்கணும்" என்று தலைநகரத்து ஆட்களை நச்சரித்து நச்சரித்து வரவழைத்தாள். வந்தவள் பெரிசாத் என்கிற தொல்லியல் பெண். சிரிக்காத முகம், நல்ல மனசு.

அந்தக் கோடையில் சால்கினாய் இருந்த இருப்பை எப்படிச் சொல்ல! விடிந்ததும் போய்க் குழிக்குள் உட்கார்ந்து தூரிகையால் மண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள். வியாழக்கிழமை வந்தால் நாங்கள் செத்தவர்களுக்காக எண்ணெயில் மாவுருண்டை பொரிப்போம், அந்த வாசம் அவர்களுக்குப் போய்ச் சேரும். இவள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் குழியோரத்தில் வைத்துப் பொரித்தாள். "அவங்களுக்கு ரொம்ப நாளா யாரும் பொரிச்சுப் போடலக்கா" என்றாள். பெரிசாத்தின் ஆட்களுக்குக் கொண்டாட்டம்.

விருந்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மரக்கட்டை அறை திறந்தது. நான் கிமிஸ் கொண்டுபோயிருந்தேன். எட்டிப் பார்த்தேன். தங்கமெல்லாம் எந்தக் காலத்திலோ திருட்டுப் போயிருந்தது. ஒரு மண்பானை, ஒரு கத்தி, மரத்தட்டில் ஆட்டு வால் எலும்பு. ஓரமாய் மனிதன். தலைவர்களோடு புதைப்பார்களே, அந்தக் குதிரை இல்லை.

பெரிசாத் நெடுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சால்கினாயிடம் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, ஐம்பது வயசு தாண்டின ஆள். இடுப்பெலும்பும் தொடையெலும்பும் ஒட்டிக்கிடுச்சு. இடதுகால் சின்ன வயசுலயே வளர்ச்சி நின்னுபோச்சு. இவர் குதிரை மேல உக்காந்திருக்கவே முடியாது."

பெரிசாத் தூரிகை நுனியால் மேலே காட்டினாள்.

"வலது தோளப் பாருங்க. எப்படித் தடிச்சிருக்கு! வாழ்நாளெல்லாம் அந்தப் பக்கமே கோல் ஊனியிருக்கார்."

நசர்குல்லின் சட்டைகள் எல்லாம் வலது அக்குளில்தான் கிழியும். ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு எனக்கு அலுத்துவிட்டது. அந்தத் தோள் எனக்குத் தெரிந்த தோள். நான் கிமிஸ் தோல்பையைக் கீழே வைத்தேன், சாய்ந்து கொட்டியது, எடுக்கத் தோன்றவில்லை.

சால்கினாய் பெரிசாத்திடம் அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே இறங்கினாள். எலும்புக்குப் பக்கத்தில், தோண்டி முடித்த இடத்தில், மல்லாந்து படுத்தாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். அழவில்லை. மேலே பார்த்துக்கொண்டே, "இவ்வளவு பெரிய மேடு. இத்தன கல்லு. எல்லாம் ஆத்துக் கல்லு" என்றாள்.

நடந்து திரும்பும்போது நான் பிடித்துக்கொண்டேன். "இங்க பாருடி. விருந்து முடியற வரைக்கும் வாயத் தொறக்காத. அந்தப் பொண்ணு அறிக்கை எழுத அடுத்த கோடை ஆகும்னு சொல்றா. எழுதினாலும் எவன் படிக்கப் போறான்? மூணு பள்ளத்தாக்கு ஆளும் வர்றாங்க. உன் மூத்தார் தலை குனியணுமா?"

"தெரியும்க்கா."

"கய்தார் போனா உன்ன யாரு மதிப்பா? அந்த ஒரு புத்தகம்தானே உனக்குப் பேரு. எல்லாரும் சேந்து பொய்க்காரின்னு காறித் துப்புவாங்க. ஊர விட்டே தள்ளிவெச்சிருவாரு அவரு."

"அதுவும் தெரியும்." கொஞ்ச தூரம் நடந்தாள். "எனக்கு பயமாத்தான் இருக்கு." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா அவன் பக்கத்துல படுத்துட்டு வந்துட்டேனே. இனிமே அவன் மேல வேற ஒருத்தனை எப்படி ஏத்தி உக்கார வைப்பேன்?"

"நாசமாப் போ" என்றேன். அந்த வாரம் முழுக்க அவளோடு நான் பேசவில்லை.

விருந்து நாள் வந்தது. கூடாரங்கள் ஆற்றங்கரை நெடுக. குதிரைகள் கனைக்கிற சத்தத்தில் பேசுவது கேட்காது. சிலையை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். கொழுத்த பெண்குதிரையைக் கயிறு கட்டி நிறுத்தியிருந்தார்கள். வம்சத்துப் பெரியவர் கையேந்தி, இன்னாருக்காக என்று பெயர் சொல்லி வாழ்த்தின பிறகுதான் கத்தி வைப்பார்கள். நசர்குல் கொப்பரைக்கு நெருப்பு மூட்டி, அர்ச்சா மர விறகைத் தள்ளிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் உயரத் தொப்பி, புது மேலங்கி, நெஞ்சு நிமிர்ந்து மேடைமேல் நின்று, "நம்ம எழுத்தாளர் மருமக ரெண்டு வார்த்தை பேசிட்டுத் துணியை விலக்குவாங்க" என்றார்.

சால்கினாய் ஏறினாள். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"பெரியவங்களே, கய்தார்னு ஒருத்தன் இல்ல. நான் கற்பனை பண்ணினது. மேட்டுக்குள்ள இருக்கறவன நான் போய்ப் பாத்தேன். அவன் குதிரை ஏறினவன் இல்ல. சின்ன வயசுலேருந்து கால் வெளங்காதவன். கோல் ஊனி நடந்தவன். நான் தப்பா எழுதிட்டேன். எம்மேல கோவப்படுங்க. ஆனா இந்த விருந்த இல்லாதவனுக்கு வைக்காதீங்க."

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். சிரிப்பு பரவியது. அடுத்த பள்ளத்தாக்கு வம்சத்துக் கிழவர் தாடியைத் தடவிக்கொண்டு, "அப்போ ஒரோசாலி, உங்க தாத்தா நொண்டியா?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரருக்கு ரத்தம் தலைக்கேறியது. "பொய்!" என்று கத்தினார். "அவ்வளவு பெரிய மேடு! அத்தன கல்லு! குதிரை ஏறத் தெரியாத ஒரு நொண்டிக்கு எவன்டா கல்லு சுமப்பான்?"

கொப்பரைப் பக்கம் விறகு தள்ளுகிற சத்தம் நின்றது.

கூட்டத்தில் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்கத்தான் எல்லாரும் பாடுபட்டார்கள். என் வீட்டுக்காரரும் தான் சொன்னதைத் தானே கேட்டுவிட்டார். வாய் திறந்தபடி நின்றார். நான் பெண்கள் வரிசையில், தட்டோடு நின்றிருந்தேன். தட்டைக் கீழே போட்டேன்.

"நான் சுமப்பேன்" என்றேன்.

வம்சத்துப் பெரியவர் பேசும்போது மருமகள்கள் வாய் திறந்த வழக்கம் எங்களில் இல்லை. எனக்கு அன்று வழக்கம் கண்ணில் படவில்லை. "நான் சுமப்பேன்! ஆத்துலேருந்து இங்க வரைக்கும் என் முதுகு ஒடிய ஒடிய சுமப்பேன். அவனுக்கும் ஒரு ஆத்தா இருந்திருப்பா. ஐம்பது வருஷம் சோறு போட்டிருக்காங்க, குளிருல தூக்கிட்டுக் கணவாய் தாண்டியிருக்காங்க. யாரும் வழியில போட்டுட்டுப் போகல. உங்க கய்தார் ஒம்பது கணவாயக் காத்தானாம். இவங்க ஒரு மனுஷனக் காத்திருக்காங்க. எது பெருசு? சொல்லுங்க!"

சால்கினாய் மேடைமேல் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

என் வீட்டுக்காரர் மேடையிலிருந்து இறங்கினார். அவர் நடந்து போன தூரம் கொஞ்சம்தான், ஆனால் கிழவராகிவிட்ட மாதிரி நடந்தார். கொப்பரைக்கு முன்னால் நின்று, "நசர்குல், வாடா" என்றார். "நீ வந்து வாழ்த்து."

"அப்பா, நெருப்பு அணைஞ்சிரும்."

"நான் பாத்துக்கறேன். போ."

பெரியவர்கள் இருக்க இளையவன் கையேந்துவது யாரும் பார்த்ததில்லை. நசர்குல் கோலை ஊன்றிக்கொண்டு பெண்குதிரை முன்னால் வந்தான். இரண்டு கையையும் ஏந்த வேண்டும், கோலை விட்டால் விழுவான். என்ன செய்வது என்று நின்றான். அடுத்த பள்ளத்தாக்குக் கிழவர், நொண்டியா என்று கேட்ட அதே கிழவர், வந்து தோள் கொடுத்தார். என் மகன் கைகளை ஏந்தினான்.

"சித்தி, அவர் பேர் என்ன?" என்று கேட்டான்.

"தெரியலடா" என்றாள் சால்கினாய்.

"பேர் தெரியாத பெரியவருக்கு" என்று தொடங்கினான். மேட்டைப் பார்த்துவிட்டு, "அவருக்குக் கல்லு சுமந்தவங்களுக்கு" என்று முடித்தான்.

கூட்டம் முகத்தைக் கைகளால் தடவி ஆமீன் சொன்னது. நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியாது, கண்ணெல்லாம் நீர். என் வீட்டுக்காரர் கொப்பரைக்கு முன்னால் குந்தி, புது மேலங்கி கரியாக, நெருப்பை ஊதிக்கொண்டிருந்தார். கறி அன்றைக்கு அடிபிடித்துவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

சிமெண்டுக் குதிரை இப்போதும் அங்கேதான் நிற்கிறது, பிள்ளைகள் ஏறி விளையாடுகிறார்கள். கய்தார் நாவலையும் ஜனங்கள் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நானும் கழுகு வரும் இடத்தில் அழத்தான் செய்கிறேன், பொய் என்று தெரிந்தே. ஊரில் சிலர் இன்னும் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவள் அதற்கு வருந்துகிறாள், என்னிடம் மறைக்கமாட்டாள்.

இப்போது அவள் அந்த மனிதனைப் பற்றி எழுதுகிறாள். எழுதுகிறாள் என்றால் உங்களுக்குத் தெரியுமே. இடதுகாலை மடக்கித் துணியால் கட்டிக்கொண்டு, நசர்குல் வெட்டிக் கொடுத்த கோலை வலது அக்குளுக்குள் வைத்துக்கொண்டு, ஆற்றங்கரைக்கும் மேட்டுக்கும் நடக்கிறாள். பெரிசாத்தின் ஆட்கள் மூடிவைத்த மேட்டின் மேல், போகும்போதெல்லாம் ஒரு ஆற்றுக் கல்லை வைக்கிறாள். நசர்குல் கூடவே நடந்து, "சித்தி, கோல முன்னாடி போடு, அப்புறம் உடம்பக் கொண்டா. ஐயோ, விழுந்துட்டியா? எழுதிக்கோ, எழுதிக்கோ!" என்று கேலி செய்கிறான். அவள் வயசுக்கு இதெல்லாம் தேவையா என்று நான் கத்தத்தான் செய்கிறேன். யார் கேட்கிறார்கள்?

சாயங்காலம் இருவரும் வந்து சட்டைகளைக் கழற்றி என் மடியில் போடுகிறார்கள். இரண்டும் வலது அக்குளில் கிழிந்திருக்கின்றன. நான் ஊசியில் நூல் கோக்கிறேன்.